இரண்டு சோர்ஸ், ஒரு சொட்டுத் தண்டுவட நீர்

போன மாதம் கீர்த்தனா போன் செய்தாள். பெரம்பலூரில் நான் வேலை பார்த்த லேபில் என் இடத்தில் இப்போது இருப்பவள்.

"அக்கா, புது மெஷின் வருது. அதுக்கு ஒரு சோர்ஸ்தான் தருவாங்களாம். நியூரோடிரான்ஸ்மிட்டர் பார்க்க எலக்ட்ரோஸ்பிரே கேக்கலாமா, ஏபிசிஐ கேக்கலாமா? ஒரே வரியில சொல்லுங்க."

"ரெண்டும் கேளு."

"ஒரே வரிதான், சரி. டைரக்டர் காரணம் கேப்பாரே. அதையும் ஒரே வரியில சொல்லுங்க பார்ப்போம்."

காரணத்தை எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது அது ஒரு வரியிலும் அடங்கவில்லை, ஒரு பக்கத்திலும் அடங்கவில்லை.

எனக்கு முப்பத்தைந்து வயதாகிறது. ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். கரைப்பான்களின் நெடி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய், இரண்டு முறை ஆக்ஸிஜன் வைத்த பிறகு, நுரையீரல் டாக்டர் சொன்னார்: "டீச்சர் வேலை பாருங்க, கடை வைங்க, சும்மாகூட இருங்க. லேப் வாசலை மட்டும் மிதிக்காதீங்க." மிதிக்கவில்லை. என் வேலைக்காலம் அதோடு முடிந்தது. அதில் சொல்வதற்கு என்று இருப்பது மூன்று விஷயங்கள்: ஒரு மெஷின், ஒரு மேலதிகாரி, ஒரு குழந்தை.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளி அரியலூரில், வேதியியல் திருச்சியில். அதன்பின் சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளுக்குள் இருக்கக்கூடாத பொருட்களைத் தேடும் வேலை. ஊர்ப்பக்கமே ஒரு மருத்துவ லேபில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் திரும்பி வந்துவிட்டேன்.

மாஸ் ஸ்பெக் என்பது மூலக்கூறுகளை எடைபோடும் தராசு. ஆனால் அந்தத் தராசில் ஏற வேண்டுமென்றால் மூலக்கூறுக்கு மின்னூட்டம் இருக்க வேண்டும். மின்னூட்டம் இல்லாதது உள்ளே வந்தாலும் தராசின் கண்ணுக்குப் படாது. அந்த மின்னூட்டத்தை ஏற்றும் வாசலைத்தான் சோர்ஸ் என்கிறோம். எங்களிடம் கழற்றி மாட்டக்கூடிய இரண்டு சோர்ஸ்கள் இருந்தன.

எலக்ட்ரோஸ்பிரேயை நாங்கள் 'ஸ்பிரே' என்போம். மெல்லிய குழாய் வழியாக வரும் திரவத்தை உயர் மின்னழுத்தத்தில் தெளிக்கும். துளிகள் காயக் காய, துளியின் விளிம்பில் நிற்கும் மூலக்கூறுகள் மின்னூட்டத்தோடு வெளியே தாவும். திருவிழா நாளில் மினிபஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் நிற்பவர்கள் முதலில் இறங்கிவிடுவதைப் போல. மிகக் குறைந்த அளவையும் பிடித்துவிடும் என்பது அதன் பலம். பலவீனம், உப்பு. துளியில் உப்பு நெரிசல் அதிகமானால் நமக்கு வேண்டியவர் உள்ளேயே மாட்டிக்கொள்வார். இருந்தும் இல்லாததுபோல் தெரியும்.

ஏபிசிஐயை 'சூடு' என்போம். அது திரவத்தை முதலில் ஆவியாக்கும். பிறகு ஓர் ஊசிமுனையில் மின்பொறி விட்டு, காற்றிலுள்ள நீராவி மூலமாக மின்னூட்டத்தைக் கைமாற்றும். உப்பு ஆவியாகாது, வழியிலேயே வெள்ளைப் பொருக்காக உதிர்ந்துவிடும். அதனால் நெரிசல் குறைவு. ஆனால் அளவு குறைந்துவிட்டால் சூட்டுக்கு எதுவும் தெரியாது. மென்மையான மூலக்கூறுகள் கருகியும் போகும். நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் நியூரோடிரான்ஸ்மிட்டர்களில் அசிட்டைல்கோலின் பிறவியிலேயே மின்னூட்டம் உள்ள பொருள், ஸ்பிரேயில் பிரமாதமாக வரும், சூட்டில் சிதைந்துவிடும். லேசரால் சுடும் மூன்றாவது முறை ஒன்றையும் திருச்சியில் ஒரு கல்லூரியில் இடம் கேட்டுச் செய்து பார்த்தோம். மாதிரியோடு கலக்கும் பொடியே, டோபமின் போன்ற சின்ன மூலக்கூறுகள் வரும் இடத்தை அடைத்துக்கொண்டது. அதை விட்டுவிட்டோம்.

மெஷின் கதை இவ்வளவுதான். இனி சேவியர் சார்.

சேவியர் சார் எங்கள் லேபின் தலைவர். வரதராஜன்பேட்டைக்காரர். மருத்துவம் படித்துவிட்டு நோயாளியைப் பார்க்காமல் குடுவைகளைப் பார்க்க வந்தவர். லேபைக் கூட்டுகிற அஞ்சலையம்மா முதல் எல்லாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். திட்டும்போதும் அப்படித்தான், அதனால் திட்டு இரண்டு மடங்கு உறைக்கும். முடிவுகளைப் பார்க்க வரும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் திரையைப் பார்ப்பார். யாராவது அவசரப்படுத்தினால் கவிழ்ந்த கடிகாரத்தைக் காட்டுவார். திரையில் பீக் எழும், அதாவது ஒரு பொருள் வந்ததற்கு அடையாளமாக ஒரு முகடு. நாங்கள் "வந்துருச்சு சார்" என்போம். அவர் கேட்பார்: "வந்தது யாருங்க? அவங்கதான்னு சொல்ல ரெண்டாவது சாட்சி எங்க?"

அந்த இரண்டாவது சாட்சிக்கு ஒரு காரணம் இருந்தது. நான் சேர்ந்த முதல் வருடத்தில் திருமழபாடிப் பக்கத்திலிருந்து ஒரு பையனின் தண்டுவட நீர் வந்தது. மூளையில் டோபமின் சரியாக உற்பத்தியாகிறதா என்பதை டோபமினை வைத்துப் பார்ப்பதில்லை. அது நிலையில்லாதது, அளவும் சொற்பம். அது சிதைந்து மிஞ்சும் கழிவைத்தான் பார்ப்போம். மூளையின் இன்னொரு சேதிப் பொருளான செரட்டோனினுக்கும் அப்படியே. அந்தப் பையனுக்கு ஸ்பிரேயில் டோபமின் கழிவு மிகக் குறைவாக வந்தது. அப்படியே ரிப்போர்ட் கொடுத்தோம். மருந்து ஆரம்பித்தார்கள். பையன் விடாமல் வாந்தி எடுத்தான், தூக்கமே இல்லை, கை கால் முறுக்கிக்கொண்டது. பிறகு சூட்டில் பார்த்தபோது அளவு சரியாகவே இருந்தது. உப்பு நெரிசலில் அமுங்கிய பீக்கை நாங்கள் குறைபாடு என்று நம்பியிருந்தோம். மருந்தை நிறுத்தினார்கள். ஆனால் அவனுடைய உண்மையான நோய்க்குச் சிகிச்சை பார்த்திருக்க வேண்டிய நாட்கள் அதற்குள் போய்விட்டன. அவன் இப்போது எழுந்து நடப்பதில்லை.

அன்றிலிருந்து சாரின் சட்டம் இது: ஸ்பிரேயும் சூடும் ஒத்துப்போனால் மட்டும் எண் வெளியே போகும். ஒத்துப்போகாவிட்டால், 'முடிவு சொல்ல இயலவில்லை, மறு மாதிரி அனுப்பவும்.' இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

ஒத்துப்போவது என்றால் என்ன என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஒன்றரை வருடம் இரண்டு சோர்ஸையும் மாற்றி மாற்றி மாட்டி ஒப்பிட்டேன். எந்தப் பொருளுக்கு எது, எந்த அளவு வரை, எவ்வளவு உப்பு வரை, கலவையைப் பிரித்து அனுப்பும் நெடுவரிசைக் குழாயில் எந்த நேரத்தில் எது வெளியே வருகிறது. அரியலூர்ப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். சுத்திகரிப்பு சவ்வு மாதத்துக்கொரு முறை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஸ்பிரே திக்கும், திக்கினால் அன்றைய ஒப்பீடு முழுவதும் குப்பைக்குப் போகும். அளவுக்குத் துணையாகச் சேர்க்கும் கன ஹைட்ரஜன் பதித்த பொருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அது இருந்தால் நெரிசல் தொல்லையே பாதி தீர்ந்திருக்கும். ஆர்டர் போட்டிருந்தோம், வந்து சேரவில்லை.

ஒப்பீட்டுக்கு மாதிரி வேண்டுமே. அறுவை சிகிச்சைக்கு முதுகில் மயக்க ஊசி போடும்போது, சம்மதம் வாங்கி எடுத்த சில துளிகள் எங்களுக்கு வரும். எல்லாம் பெரியவர்களுடையது. ஆரோக்கியமான குழந்தையின் முதுகில் யார் ஊசி போடுவார்கள்? என் அட்டவணையில் குழந்தைகளுக்கு வரிசை இல்லை. அப்போது அது ஒரு குறையாக எங்கள் யாருக்கும் படவில்லை.

யாழினி ஒன்றரை வயதுக் குழந்தை. செந்துறை. அப்பா முருகேசன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுபவர். அம்மா பூங்கொடி, முருகேசனுக்கு அக்கா மகள். குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. தினமும் பொழுது சாயும்போது கண்கள் மேலே செருகிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். வலிப்பு என்று ஓர் இடத்தில், பிறக்கும்போது மூச்சுத் திணறியிருக்கும் என்று இன்னோர் இடத்தில் சொல்லியிருந்தார்கள். அரியலூரில் கிளினிக் வைத்திருக்கும் குழந்தை டாக்டர் நூர்ஜஹான் மட்டும் ஒன்றைக் கவனித்தார். காலையில் தூங்கி எழுந்ததும் குழந்தை கொஞ்சம் தெளிவாக இருக்கிறது, நேரம் ஆக ஆகத்தான் தளர்ந்து போகிறது. மூளை டோபமின் செய்ய முடியாத பரம்பரைக் குறைபாடு ஒன்று இப்படித்தான் இருக்கும். அதுவாக இருந்தால் மருந்து உண்டு.

டாக்டர் எனக்குப் போன் செய்தார். "மலர், தண்ணி நாளைக்கு எடுக்கறேன். எடுத்ததும் உறைய வைக்கணும்னு சொல்றீங்களே, இங்க எங்கிட்ட ஐஸ்கிரீம் பெட்டி கூட இல்லம்மா."

தண்டுவட நீரை எடுத்த உடனே, படுக்கைப் பக்கத்திலேயே உறைய வைக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பது சிதையத் தொடங்கிவிடும். அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். நாங்கள் கண்டுபிடித்த வழி மாட்டு ஆஸ்பத்திரி. சினை ஊசிக் குச்சிகளைத் திரவ நைட்ரஜன் கேனில்தான் வைத்திருப்பார்கள். கால்நடை மருந்தகத்தில் அந்த வேலை பார்க்கும் கலியபெருமாள், கேனை டிவிஎஸ்ஸில் கட்டி எடுத்துக்கொண்டு மறுநாள் காலை கிளினிக் வாசலில் வந்து நின்றார். குழந்தைகளோடு காத்திருந்த அம்மாக்கள் அவரையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, இங்க எந்த மாட்டுக்கு?" என்றாள் ஒருத்தி.

"டாக்டரம்மாவுக்கு மாடு வாங்கியிருக்காங்க. மாடில கட்டியிருக்கு," என்றார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "யம்மா, இதுல ஜெர்சியும் கெடக்கு, சிந்துவும் கெடக்கு. உங்க டியூபுக்கு ஒரு செவப்புத் துணியாச்சும் கட்டிவுடுங்க. மாத்தி எடுத்துட்டேன்னா ரெண்டு ஊருலயும் எனக்கு உதைதான்."

துணி கட்டினேன்.

உள்ளே பூங்கொடி குழந்தையைப் பக்கவாட்டில் வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் முதுகில் ஊசியை இறக்கினார். எங்களுக்கு எந்தத் துளி என்பது முக்கியம். முதல் துளிகளில் கழிவின் அளவு குறைவு. மூளைக்குப் பக்கத்து நீர் இறங்கி வர வர அளவு கூடும். அதனால் முதல் குழாய் சர்க்கரைக்கும் செல்லுக்கும், இரண்டாவது எங்களுக்கு. ரத்தம் கலந்திருக்கக் கூடாது. கலக்கவில்லை. இரண்டாவது குழாயில் துளிகள் நிதானமாக விழுந்தன, தண்ணீரைவிடத் தெளிவாக. மூடி, பெயர் எழுதி, சிவப்புத் துணி கட்டி, கேனுக்குள் இறக்கினேன். புகை கிளம்பியது.

"வேற எதுவும் செய்யணுமா?" என்றாள் பூங்கொடி.

"இல்லைங்க. இனி எங்க வேலை."

"எப்ப தெரியும்?"

"ஒரு வாரத்துல சொல்லிடுவோம்."

பெரம்பலூருக்குக் காரில் கேனை மடியோடு பிடித்துக்கொண்டு வந்தேன். பனிக்கட்டிமேல் வைத்து உருக்கினேன். சுழற்றினேன். அமிலம் ஒரு சொட்டு. வடிகட்டி. சரிபாதியாகப் பிரித்தேன், பாதி ஸ்பிரேக்கு, பாதி சூட்டுக்கு. மீதம் என்று மிஞ்சியது ஒரு சொட்டுக்கும் குறைவு.

ஸ்பிரேயில் செரட்டோனின் கழிவு சரியாக இருந்தது. டோபமின் கழிவு மிக மிகக் குறைவு, தரையை ஒட்டி ஒரு சின்ன மேடு. சோர்ஸை மாற்றி, சூடேறக் காத்திருந்து, மறுபாதியைச் செலுத்தினேன். செரட்டோனின் கழிவு வந்தது. டோபமின் கழிவு வர வேண்டிய நேரம் வந்து, கடந்து போனது. கோடு அசையவில்லை.

சேவியர் சார் கடிகாரத்தைக் கவிழ்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"ஸ்பிரேல கம்மி. சூட்டுல ஒண்ணுமே இல்ல. ஒத்துப்போகலைங்க."

"ஒத்துப்போகுது சார். அளவு அவ்ளோ கம்மின்னா சூட்டுக்குத் தெரியாதுதானே?"

"பெரியவங்க மாதிரியில பாதிக்கும் சூட்டுல தெரியலன்னு உங்க அட்டவணையிலயே இருக்கு. அவங்க எல்லாருக்கும் நோயா?"

"குழந்தைக்குப் பெரியவங்களைவிட நிறைய இருக்கணும் சார். இந்த வயசுல பல மடங்கு. சாதாரணக் குழந்தைன்னா சூட்டுல தெரிஞ்சே ஆகணும். தெரியலைங்கறதே பதில்தான்."

"எங்க பார்த்தீங்க?"

"புத்தகத்துல."

"புத்தகம் நம்ம மெஷின்ல ஓடலைங்க, மலர். ஒரு சாட்சி உளறுறாரு, இன்னொரு சாட்சி வாயே திறக்கல. இதை வச்சு ஒரு புள்ளைக்கு மருந்து குடுக்கச் சொல்லவா? போன தடவை குடுக்கச் சொன்னேன். அந்தப் புள்ளையை நீங்களும் போய்ப் பார்த்தீங்கல்ல?"

பார்த்திருந்தேன். அவர் சொன்னதில் தவறான வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு அவர் இரண்டு காரியம் சொன்னார். ஒன்று, யாழினிக்கு மறு மாதிரி கேட்பது. இரண்டு, காய்ச்சலுக்காகத் தண்டுவட நீர் எடுத்து, தொற்று எதுவுமில்லை என்று ஆன குழந்தைகளின் மிச்ச நீரை டாக்டர் நூர்ஜஹானிடமும் மற்ற ஆஸ்பத்திரிகளிலும் சம்மதத்தோடு கேட்டு வாங்குவது. "குழந்தைகளுக்குச் சூட்டுல தெரியுதான்னு நாமளே பார்த்துடுவோம். தெரிஞ்சா நீங்க சொன்னது சரி. அன்னைக்கே ரிப்போர்ட் போடறேன்."

'முடிவு சொல்ல இயலவில்லை, மறு மாதிரி அனுப்பவும்' என்று போனது.

டாக்டர் உடனே கூப்பிட்டார். "சேவியர் சாருக்கு என்ன ஆச்சு? நான் இன்னைக்கு மருந்து ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். மறு மாதிரி வேணும்னா ஆரம்பிக்க முடியாதே. மருந்து உள்ள போயிடுச்சுன்னா அளவெல்லாம் மாறிப் போயிடும், உங்களுக்கு அந்த மாதிரி எதுக்கும் உதவாது."

"எப்ப மறுபடி எடுக்கலாம் டாக்டர்?"

"புள்ளைக்குச் சளி கட்டியிருக்கு. வளைச்சுப் பிடிச்சா மூச்சு நின்னு போயிடும். சளி விடட்டும்."

ரிப்போர்ட் இல்லாததால் மருந்து நின்றது, சளியால் மாதிரி நின்றது, மாதிரி இல்லாததால் ரிப்போர்ட் நின்றது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் செய்தது சரி.

தலை நிற்காத குழந்தைக்கு விழுங்கவும் சரியாக வராது. கண் செருகும் நேரத்தில் புகட்டிய பால் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. சளி நிமோனியா ஆனது. தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். முதல் மிச்ச மாதிரிகள் எங்களுக்கு வந்து சேர்ந்த அதே வாரத்தில் டாக்டர் நூர்ஜஹான் கூப்பிட்டு, "மலர், யாழினியோட மாதிரிக்கு இனிமே காத்திருக்க வேண்டாம்," என்றார். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

வந்த மிச்ச மாதிரிகளைச் சூட்டில் ஓட்டினேன். முதல் குழந்தைக்கு டோபமின் கழிவின் பீக் தெளிவாக எழுந்தது. இரண்டாவதுக்கும். கைக்குழந்தை, மூன்று வயதுப் பையன், கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு பெண்குழந்தை, எல்லாருக்கும் எழுந்தது. தேடித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை, அறையின் அந்தக் கோடியிலிருந்தே தெரிந்தது.

சேவியர் சார் வந்து பார்த்தார். கடிகாரத்தைக் கழற்ற மறந்துவிட்டார். ஒவ்வொன்றாகத் திரையில் கொண்டுவரச் சொன்னார். கடைசியாக யாழினியுடையதைக் கேட்டார். அசையாத அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றார்.

"சூடு அன்னைக்கே பேசிடுச்சு," என்றார்.

ரிப்போர்ட்டை அவரே தட்டச்சு செய்தார். நோயின் பெயரை எழுதினார். முடிவு உறுதி என்று எழுதினார். என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. அவர் பெயர் மட்டும் இருந்தது. "இனி யாருக்கு வேணும் சார் இது?" என்றதற்கு, டாக்டர் நூர்ஜஹான் சொன்னதைச் சொன்னார்: பூங்கொடி மறுபடி முழுகாமல் இருக்கிறாள். குழந்தைக்கு என்ன என்று தெரியாமல் போனதால், தாய்ப்பாலில் தோஷம், தூக்கிப் பிடிக்கத் தெரியவில்லை என்று அவளைத்தான் பேசுகிறார்கள்.

"தபால்ல அனுப்பலாம் சார்."

"நேர்ல போவோங்க."

அரியலூரில் இறங்கி செந்துறை பஸ் பிடித்தோம். மத்தியான வெயில். லாரிகள் எழுப்பிய சுண்ணாம்புத் தூசி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. நான் முகத்தை மூடிக்கொண்டேன். சார் வழியில் ஒரே ஒரு முறை பேசினார். "அவங்க கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லிடணும். கேக்காததைச் சொல்லக் கூடாது. நம்ம மனசு லேசாகறதுக்காக எதுவும் சொல்லிடக் கூடாதுங்க."

முருகேசன் வேலைக்குப் போயிருக்கவில்லை. கூடத்தில் எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார். பூங்கொடி சுவரோரம் உட்கார்ந்தாள். சார் ரிப்போர்ட்டை நீட்டாமல் முதலில் வாயால் சொன்னார். குழந்தைக்கு இருந்தது வலிப்பு இல்லை, பிறக்கும்போது ஆன காயமும் இல்லை. டோபமின் என்ற பொருளைச் செய்யும் ஒரு நொதி பிறவியிலேயே வேலை செய்யவில்லை. அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி என்று இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தது. இருவருக்கும் அது வெளியில் தெரியாது.

"நான் வளத்ததுல ஒண்ணுமில்லையா?" என்றாள் பூங்கொடி.

"ஒண்ணுமே இல்லைங்க. பாலும் காரணமில்ல, தூக்கினதும் காரணமில்ல. இதுல எழுதியிருக்கேன். யார் கேட்டாலும் காட்டுங்க."

"வயித்துல இருக்கறதுக்கு?"

"நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. பொறந்ததும் பார்த்துடலாம். இருந்தா அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சுடலாம்."

முருகேசன் நிமிர்ந்தார். "மருந்து இருக்கா?"

"இருக்குங்க."

"யாழினிக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"மொதல்ல தண்ணி எடுத்தப்பவே தெரியாதா உங்களுக்கு?"

"தெரிஞ்சிருக்கணும். மறுபடி எடுக்கணும்னு எழுதினது நான்."

முருகேசன் சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து பேரு?" என்றார். சார் சொன்னார். "எழுதிக் குடுங்க." ரிப்போர்ட்டின் மூலையில் சார் எழுதிக் கொடுத்தார். முருகேசன் அதை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆளைக் கூட்டிவரப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். சாரும் அப்படித்தான் நினைத்திருப்பார். "மலர், நீங்க பஸ் ஸ்டாண்டுல போய் இருங்க," என்றார். நான் எழுந்திருக்கவில்லை. பூங்கொடி உள்ளே போய் இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டது. முருகேசன் தனியாகத்தான் வந்தார். கையில் ஒரு மாத்திரை அட்டை.

"பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்லயே இருக்கு," என்றார். "கை நடுங்குற பெருசுங்க வாங்கித் திங்கிற மாத்திரையாம். எந்நேரமும் கெடைக்குமாம்." அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்தார். "புள்ளைக்கு ஒரு வேளைக்கு முழுசா குடுக்கறதா?"

"இல்லைங்க," என்றார் சார். "டாக்டரம்மா சொன்னது, ஆரம்பத்துக்கு எட்டுல ஒரு பங்கு."

முருகேசன் அடுப்படியிலிருந்து கத்தியும் ஒரு தட்டும் எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தார். தட்டைக் கவிழ்த்துப் போட்டு மாத்திரையை அதன்மேல் வைத்து இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை மறுபடி இரண்டாக. அதில் ஒன்றை மறுபடி. கடைசித் துண்டு நொறுங்கப் பார்த்தது. விரல் நுனியால் ஒற்றி எடுத்து, பூங்கொடியின் கையை விரித்து, உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். உப்புக்கல் அளவுகூட இல்லை.

"இவ்ளோதானா சார்?" என்றார் முருகேசன்.

"இவ்ளோதாங்க."